களை மண்டிய வளவில் ராஸ்பெரி வருமா?

ஒரு வாசகியின் கேள்வி, 2024 மே 11

மட்டக்களப்பு ஆரையம்பதியில் மாமியின் வளவு ஒன்று பல வருடமாகச் சும்மா கிடக்கிறது. கோரையும் அறுகும் தொட்டாச்சிணுங்கியும் முழங்கால் உயரத்துக்கு நிற்கின்றன. லண்டனில் இருக்கிற மகள் தன் தோட்டத்து ராஸ்பெரியைப் படம் எடுத்து அனுப்புகிறாள். அங்கேயும் களை பிடித்த நிலம்தானாம், நட்டுவிட்டாளாம், காய்த்துக் கொட்டுகிறதாம். முரட்டுச் செடி, களையோடு சண்டை பிடித்து வளரும், வரும்போது பத்துத் தடி கொண்டுவந்து தருகிறேன் என்கிறாள். எங்கள் மணலில் வருமா? யாராவது வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

2024 மே 11, இரவு

அக்கா, தடி கொண்டுவர வேண்டாம் என்று மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து செடி, தடி, கிழங்கு எதையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரக் கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கட்டுநாயக்காவில் தாவரத் தொற்றுக்காப்பு நிலையம் வைத்திருப்பதும் இதற்காகத்தான். ராஸ்பெரியில் வைரசு நோய்கள் அதிகம், வேரழுகல் கிருமி மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளை ஆசையாகக் கொண்டுவருவதை விமான நிலையத்தில் பறிகொடுக்க வைக்காதீர்கள்.

சட்டத்தை விடுங்கள், வெக்கைக்கு என்ன செய்வது? இங்கிலாந்தில் கோடையில் பழம் தருகிற வகைகளுக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். 7 பாகைக்குக் கீழே ஏறத்தாழ 800 மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தால்தான் அடுத்த வருடம் மொட்டு ஒழுங்காக விழிக்கும். மட்டக்களப்பில் தை மாத விடியற்காலையிலும் 22, 23 பாகைதான். செடி கொஞ்ச நாள் இலையோடு நிற்கக்கூடும். பூக்காது. பிறகு கச்சான் காற்று, அதுதான் வைகாசி முதல் அடிக்கிற வறண்ட தென்மேற்குக் காற்று, தொடங்கினால் அந்த இலையும் ஓரம் கருகிச் சுருண்டுவிடும்.

2024 மே 12

"களையோடு சண்டை பிடித்து வளரும்" என்பது மனதில் கிடந்து உறுத்துகிறது, அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

சித்தியின் மகள் லெஸ்டரில் நகரசபையிடம் துண்டு நிலம் வாடகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறாள். நான் அவளோடு தங்கியிருந்த காலத்தில் அந்த நிலத்தில்தான் என் பொழுது போனது. அவளுக்கு முன் வைத்திருந்தவர் ராஸ்பெரி வரிசையைக் கைவிட்டுப் போயிருந்தார். மேலே பார்த்தால் தடிகள் நிமிர்ந்து நின்றன, பச்சையாக இருந்தன. நீங்கள் சொல்கிற முரட்டுத்தனம் அதுதான் போலிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். கிளறிப் பார்த்தால் கதை வேறு. எங்கள் அறுகு போன்ற ஒரு புல், வெள்ளைக் கயிறு கயிறாக ராஸ்பெரி வேருக்குள்ளேயே ஓடிக் கிடந்தது. தடியைச் சுற்றிக் கொடி ஏறியிருந்தது. பழம் சுண்டுவிரல் நகம் அளவு, ஒரு வரிசை முழுக்கப் பொறுக்கினாலும் ஒரு கோப்பை நிரம்பாது.

ஏன் பிடுங்கித் துப்புரவாக்க முடியவில்லை என்றால், ராஸ்பெரியின் வேர் மேலாப்பாகவே படரும். மண்வெட்டி போட்டால் களை அறுகிறதோ இல்லையோ செடியின் வேர் அறுந்துபோகும். அறுந்த இடத்திலிருந்து புதுத் தடி வேறு கிளம்பும், வரிசை கலைந்து காடாகும். கையால் பிடுங்கினால் புல்லின் துண்டு உள்ளே மிஞ்சும். கடைசியில் அவள் முழுவதையும் கிண்டி எறிந்தாள். நிலத்தைக் கறுப்பு விரிப்பால் ஒரு வருடம் மூடிப் போட்டாள். அப்புறம்தான் புதுத் தடி வாங்கி, இரண்டடிக்கு ஒன்றாக, வேர் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாமல் நட்டாள். அடுத்த ஆண்டுகளில் அங்கே நான் பறித்த பழத்தின் சுவை இன்னும் நாக்கில் இருக்கிறது.

மகளின் நிலத்தை அவளுக்கு முன் யார் துப்புரவாக்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். யாரோ ஒருவர் நிச்சயம் முதுகு வளைத்திருப்பார்.

2024 மே 12, பின்னேரம்

ராஸ்பெரியைக் கையில் எடுத்துப் பார்க்காத பிள்ளைகளுக்காக: அது ஒரு பழம் போலத் தெரியும், உண்மையில் சின்னஞ்சிறு பழங்கள் ஒட்டிச் சேர்ந்த கொத்து. ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு விதை. பழுத்ததும் மெல்ல இழுத்தால் நடுத்தண்டு செடியிலேயே வெள்ளையாக நிற்கும், பழம் மட்டும் குழியோடு கழன்று வரும். விரல் நுனியில் தொப்பி மாதிரிப் போட்டுக்கொள்ளலாம். பிளாக்பெரியில் அந்தத் தண்டும் பழத்தோடு சேர்ந்து வந்துவிடும். கடையில் போத்தலில் வருகிற ஜாமைப் பார்த்து இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் உண்டு, ஆகவே சொன்னேன்.

2024 மே 15

நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி வருகிறதே, ராஸ்பெரி ஏன் வராது என்று ஏறாவூர்த் தம்பி கேட்டிருக்கிறார். தம்பி, நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது, தை மாசியில் சில விடியலில் உறைபனியே விழும். அங்கே முயலலாம். அதிலும் அந்த வருடத்துத் தடியிலேயே காய்க்கிற வகைகளைத்தான் முயல வேண்டும். கிழக்கில் கடற்கரைச் சமவெளிக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவர முடியாது. ஸ்ட்ரோபெரி வேறு குடித்தனம், அதைப் பற்றி இங்கே பேசினால் பேச்சு எங்கேயோ போய்விடும்.

2024 மே 19

சரி, செடியை மறந்துவிட்டு நிலத்துக்கு வருவோம். அக்கா படம் அனுப்பியிருந்தார். அதில் தெரிகிற அறுகைப் பற்றியோ தொட்டாச்சிணுங்கியைப் பற்றியோ எனக்குப் பயமில்லை. பக்கத்து வீட்டு ஆட்டைக் கட்டிவிட்டாலே பாதி போய்விடும். கோரைதான் பிரச்சினை.

ஒரு கோரையை இலையைப் பிடித்து இழுக்காமல், பக்கத்து மண்ணைக் கையால் விலக்கி எடுத்துப் பாருங்கள். இலைக்குக் கீழே வெங்காயம் போல ஒரு முடிச்சு இருக்கும். அதிலிருந்து மெல்லிய கம்பி போன்ற ஒரு நரம்பு பக்கவாட்டில் ஓடும், அந்த நரம்பில் கறுத்த தோலோடு ஒரு கிழங்கு. அதைத் தாண்டி இன்னொரு நரம்பு, இன்னொரு கிழங்கு. நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும், மருந்துக்கடை வாசம் அடிக்கும். இந்தக் கோர்வையில் நுனிக் கிழங்கு முளைத்து நிற்கும்வரை மற்றவை தூங்கும். நரம்பு அறுந்தால் தூங்கினதெல்லாம் தனித்தனியாக விழிக்கும்.

இதனால்தான் "உழவு இயந்திரம் விட்டேன், இரண்டு கிழமையில் முன்னைவிட அடர்த்தியாக வந்துவிட்டது" என்று ஆட்கள் தலையில் கை வைக்கிறார்கள். மாரியில் ஈர மண்ணை உழுதால் கோரையை நாமே நட்டுவிடுகிறோம். இப்போது, கச்சான் காற்று அடிக்கிற வைகாசி முதல் ஆவணி வரை, மண்ணைப் புரட்டிப் போட்டால் கிழங்கு வெயிலில் காய்ந்து சாகும். பெரும்பாலான கிழங்கு மேல் அரை அடிக்குள்தான் கிடக்கும். புரட்டுங்கள், காய விடுங்கள், வாரி எடுங்கள், மறுபடியும் புரட்டுங்கள். அந்த மாதங்களில் தண்ணீர் ஒரு சொட்டும் விடக்கூடாது. மற்றப் பயிருக்கெல்லாம் எதிரியான காற்று இந்த ஒரு வேலைக்கு எங்கள் பக்கம் நிற்கிறது, அதை வீணாக்காதீர்கள்.

2024 மே 20

வாரி எடுத்த கிழங்கைக் கொம்போஸ்ட் குழியில் போட வேண்டாம். குழி நன்றாகச் சூடேறாவிட்டால் எருவோடு சேர்ந்து வளவு முழுக்கப் போய்ச் சேரும். சீமெந்துத் தரையில் பரப்பி, நொறுங்குகிற அளவுக்குக் காயவிட்டு எரித்துவிடுங்கள்.

2024 மே 26

களைநாசினி அடித்தால் ஒரே நாளில் முடியாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கிளைபோசேட் என்கிற களைநாசினியை 2015இல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள், பிறகும் மாற்றங்கள் வந்தன. சட்டம் எப்படி இருந்தாலும் என் பதில் ஒன்றுதான்: மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கிற எழுவான்கரையில் அடிக்காதீர்கள். ஆரையம்பதி, கிரான்குளம், களுதாவளை எல்லாம் மணல். துரவில் நாலு முழம் தோண்டினால் தண்ணீர். அந்தத் தண்ணீரைத்தான் சமைக்கவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் அள்ளுகிறோம். தென்னைக்கும் மரக்கறிக்கும் போட்ட உரத்தையே இந்த மணல் தேக்கி வைக்காது, நேரே கீழே இறக்கும்.

வேலைக்கும் ஆகாது. மருந்து பச்சை இலை வழியாகத்தான் உள்ளே போகும். முளைத்து நிற்கிற கிழங்கு சாகலாம், அறுந்து தூங்குகிற கிழங்குக்கு அது போய்ச் சேராது.

2024 யூன் 2

களுதாவளை அண்ணன் ஒருவர் கறுப்புப் பொலித்தீன் போட்டாராம், கோரை அதைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டதாம். அப்படித்தான் வரும். இருட்டுக்குள் கோரையின் முளை இலை விரிக்காமல் ஊசி மாதிரிக் கூராகவே மேலே வரும், எதையும் துளைக்கும். தெளிந்த பொலித்தீன் போட்டால் வெளிச்சம் உள்ளே போவதால் முளை அடியிலேயே இலை விரித்துவிடும். விரித்த இலையால் குத்த முடியாது, உள்ளே அடைபட்ட வெக்கையில் வெந்துவிடும்.

செய்யும் முறை இதுதான். மண்ணைச் சமப்படுத்தி ஒரு தடவை நன்றாக நனைத்து, தெளிந்த தாளை மண்ணோடு ஒட்டினாற்போல் இழுத்து, நாலு ஓரத்தையும் மண்ணுக்குள் புதைத்து, ஒன்றரை மாதம் அப்படியே விட வேண்டும். யூன், யூலை, ஓகஸ்ட் இதற்கு வாய்ப்பான காலம். கிழங்கு எல்லாம் சாகாது, ஆனால் மற்றக் களைவிதைகள் பெரும்பாலும் போய்விடும்.

இரண்டு கிழமைக்கு முன் தண்ணீரே விடாதீர்கள் என்றேன், இப்போது நனைக்கச் சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு வழி. பெரிய வளவுக்குப் புரட்டிக் காயவிடுவது, சின்னப் பாத்திக்குப் பொலித்தீன். ஒரே இடத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

2024 யூன் 2, இரவு

காட்போட் பெட்டியை விரிக்கலாமா என்று கேட்டவருக்கு: லெஸ்டரில் அது நன்றாக வேலை செய்தது, ஈரத்தில் மெல்ல மெல்ல உக்கியது. இங்கே கோடையில் விரித்தால் கறையான் தின்றுவிடும். தின்னட்டும், அதில் பாவமில்லை, ஆனால் அதற்குப் பிறகு அங்கே குடியிருந்து இளஞ்செடியின் பட்டையையும் பார்க்கும். மாரி தொடங்கிய பிறகு விரியுங்கள்.

2024 யூலை 14

அக்கா மறுபடியும் கேட்கிறார்: "தங்கச்சி, இவ்வளவும் செய்தால் கடைசியில் எனக்கு ராஸ்பெரி கிடைக்குமா கிடைக்காதா?"

கிடைக்க ஒரு வழி இருக்கிறது. மைசூர் ராஸ்பெரி என்று ஒன்று உண்டு, தாவரப் பெயர் ரூபஸ் நிவியஸ். இந்தியாவிலும் எங்கள் மலைநாட்டிலும் இயற்கையாக வளர்வது. தடியில் வெள்ளைப் பொடி பூசினது போல இருக்கும், வளைந்த முள் உண்டு, பழம் சிவந்து பிறகு கருநாவல் நிறத்துக்கு வரும். குளிர்காலத் தூக்கம் கேட்காது. புளோரிடாவின் தெற்கில் கடல் மட்டத்திலேயே வீட்டுத் தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள்.

மலைநாட்டு உறவினர் வீட்டு வேலியில் இருந்து கன்று வாங்கிவந்து நானும் வைத்தேன். மாரியில் பேய் வளர்த்தி. ஆளை மறைக்கிற உயரத்துக்குத் தடி போய், வளைந்து, நுனி மண்ணில் தொட்ட இடத்தில் வேர் விட்டது. பங்குனியில் பூத்தது, தேனீ மொய்த்தது, சித்திரையில் பழம். லெஸ்டர்ப் பழத்தின் மணம் இதற்கு இல்லை, இனிப்பு உண்டு, புளிப்புக் குறைவு. பிறகு கச்சான் காற்று வந்ததும் இலை ஓரம் கருகத் தொடங்கியது. கன்று சாகவில்லை, சோர்ந்து நின்றது.

வைக்க வேண்டுமானால் ஒரு பொறுப்போடு வையுங்கள். இந்தச் செடி ஹவாயிலும் கலாபகோஸ் தீவுகளிலும் காட்டை விழுங்கிவிட்டது. குருவி பழம் தின்று விதையைக் கொண்டுபோய்ப் போடுகிறது. இதன் ஒன்றுவிட்ட சகோதரம், மஞ்சள் பழம் தருகிற ரூபஸ் எலிப்டிகஸ், உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவிகளின் பட்டியலில் இருக்கிறது. அதை எங்கிருந்தும் கொண்டுவராதீர்கள். மைசூர் ராஸ்பெரி வைத்தால் பழத்துக்கு வலை கட்டுங்கள், மண் தொடுகிற நுனியை வெட்டுங்கள், காய்த்து முடிந்த தடியை அடியோடு எடுங்கள். களையை ஒழித்த வளவில் இன்னொரு களையை நட வேண்டாம்.

2024 யூலை 21

காய்த்த தடியை ஏன் வெட்ட வேண்டும் என்று புரியாதவர்களுக்கு. ராஸ்பெரியின் வேர் பல வருடம் இருக்கும், தடிக்கு ஆயுள் இரண்டு வருடம். முதல் வருடம் வளரும், இரண்டாம் வருடம் பூத்துக் காய்த்துச் சாகும். காய்ந்து நரைத்தது போனது, பச்சையாக வழவழப்பாக இருப்பது அடுத்த முறைக்கு. மேலே தம்பிக்குச் சொன்ன, அந்த வருடத்துத் தடியிலேயே காய்க்கிற வகைகளைக் குளிர்நாடுகளில் மாசியில் ஒட்ட வெட்டிவிடுவார்கள்.

2024 செப்டெம்பர் 8

இரண்டு மாதம் யோசித்ததில் ஒன்று தோன்றுகிறது. நாங்கள் வெயிலை ஒரு தலைவிதி போலப் பேசுகிறோம். களுவாஞ்சிக்குடி, களுதாவளைப் பக்கத்து வெற்றிலைத் தோட்டத்துக்குள் பகல் பன்னிரண்டு மணிக்கு நுழைந்து பாருங்கள். சுற்றிக் கிடுகு வேலி, மேலே நிழல், வாய்க்காலில் ஈரம். வெளியே நிலம் சுடும், உள்ளே வியர்வை அடங்கும். இந்த வெக்கையில் ஒரு மெல்லிய கொடியைப் பரம்பரை பரம்பரையாக வளர்த்துக் காட்டிய கைகள் எங்கள் ஊரில் இருக்கின்றன.

மைசூர் ராஸ்பெரியைத் திறந்த வளவில் வைக்காமல் வெற்றிலைத் தோட்ட ஓரத்தில், காலை வெயில் விழுந்து பின்னேரம் நிழல் விழுகிற பக்கத்தில் வைத்தால் கச்சானைத் தாண்டும் என்று நம்புகிறேன். தென்மேற்குப் பக்கம் கிடுகு அடைப்புக் கட்டாயம். என் கன்றுகளில் பாதியை இந்த மாரியில் அப்படி மாற்றப் போகிறேன். சிவப்பு ராஸ்பெரிக்கு மட்டும் இதுவும் போதாது. நிழல் பகலைத் தணிக்கும், இரவைக் குளிராக்காது.

2024 செப்டெம்பர் 9

வெற்றிலைக்காரர்களிடம் கேட்காமல் அவர்கள் தோட்டத்துக்குள் எதையும் வைக்காதீர்கள். ராஸ்பெரி முள் வெற்றிலை பறிக்கிற கைக்கு ஆகாது.

2024 ஒக்டோபர் 6

அக்காவின் வளவு இப்போது வெறும் மணலாக நிற்கிறது, படம் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோசம். இனி முதல் மழை விழுந்து ஒரு கிழமையில் கோரை மறுபடியும் தலைகாட்டும். பதறவேண்டாம். கோரைக்கு வெயில் வேண்டும், நிழலில் மெலிந்துவிடும். உடனே வற்றாளைக் (சர்க்கரைவள்ளி) கொடியை நெருக்கமாக நட்டு நிலத்தை மூடுங்கள். கொடி மூடும்வரை முதல் ஒரு மாதம் கையால் பிடுங்கவேண்டும், அதற்குப் பிறகு அது பார்த்துக்கொள்ளும். கிழங்கும் கிடைக்கும், கிழங்கு தோண்டும்போது மிஞ்சின கோரைக்கிழங்கும் கையோடு வரும். கௌபியும் போடலாம், வற்றாளை அளவுக்கு மூடாது.

ராஸ்பெரி வைக்கிற எண்ணம் இருந்தால் அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு போடவேண்டாம். அந்தக் குடும்பத்து வாடல் நோய் மண்ணில் தங்கி ராஸ்பெரியையும் பிடிக்கும்.

2024 டிசம்பர் 4

எல்லாரும் நலம்தானே. நவம்பர் கடைசி வெள்ளத்தில் எங்கள் பக்கம் வளவெல்லாம் தண்ணீர் நின்றது, வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்கள் கடலாகக் கிடந்தன. அம்பாறைப் பக்கத்துச் செய்திகள் கேட்டு இன்னும் மனம் ஆறவில்லை. தோட்டக் கதை எழுதக் கை வரவில்லை.

2024 டிசம்பர் 22

மாற்றி வைத்த கன்றுகளில், நிலமட்டத்தில் வைத்தவை எல்லாம் அழுகிவிட்டன. வெற்றிலை மேட்டில், ஒரு அடி உயர்ந்த பாத்தியில் வைத்தவை நிற்கின்றன. ராஸ்பெரி வேர் தண்ணீருக்குள் நிற்காது. எங்கள் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் தை வரை கொட்டித் தீர்க்கிறது. ஆகவே வெக்கையைப் பற்றி இத்தனை பேசியதோடு இதையும் அதே எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: உயர்ந்த பாத்தி இல்லாமல் நடாதீர்கள். மணலோடு தும்புத்தூளும் உக்கின மாட்டெருவும் கலந்து ஏற்றுங்கள்.

2025 மாசி 16

வயல் வெட்டு நடக்கிறது, வைக்கோல் மலிவு. இப்போதே வாங்கி வையுங்கள். பாத்திக்கு அரை அடி கனத்துக்குப் போட்டால் கச்சான் வரும்போது ஈரம் நிற்கும். தடியின் அடியோடு ஒட்டாமல் ஒரு சாண் விலக்குங்கள், கறையானுக்கு வழி வைக்கக்கூடாது.

ஆற்றுவாழையை (ஆகாயத்தாமரை) வாவியிலிருந்து அள்ளிப் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு, போடலாம். கரையில் முழுக்கக் காய்ந்து மொறுமொறுவென்று ஆனபின்தான் வளவுக்குக் கொண்டுவாருங்கள்.

2025 மே 4

சித்திரைப் பழம் வந்தது. மேட்டில் நின்ற கன்றுகள் காய்த்தன, ஒரு சின்னக் கிண்ணம் நிறைய வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், வாயெல்லாம் ஊதாவாகிக்கொண்டு வந்தார்கள். குருவிக்கு மட்டும்தான் வலை கட்டியிருந்தேன்.

ஆனால் நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்தக் கிண்ணத்துக்குப் போன நிழல், மேடு, கிடுகு, தண்ணீர் எல்லாவற்றையும் நினைத்தால், ஆசைக்கு ஒரு கன்று, இரண்டு கன்று வைக்கலாம். வளவு நிறைய வைக்கவேண்டியது மல்பெரிதான். ஒரு கொப்பை வெட்டி மாரியில் குத்திவிட்டால் வேர் பிடிக்கும். மணலில் வரும், கச்சானைத் தாங்கும். இலையை உருவிக் கொப்பை ஒட்ட வெட்டினால் புதுத் தளிரோடேயே காய் வரும், ஆகவே எப்போது பழம் வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்கலாம். கொத்துக் கொத்தாக மணி சேர்ந்த அந்தப் பழத்தை ராஸ்பெரி என்று சொல்லிக் கொடுத்தால் இங்கே பாதிப்பேர் நம்புவார்கள். ஜாமுக்கு இதைவிட நல்லது வேண்டாம், தேசிப்புளி கொஞ்சம் சேர்த்தால் போதும்.

2025 மே 18

தம்பிலுவிலில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், தன் வளவு வாவியோரம், கோடையில் மேலே உப்புப் பூக்கும், அங்கே மல்பெரியும் சுணங்குகிறது என்று. அண்ணன், கிளாப்பழம் வையுங்கள். கடற்கரைப் பற்றைக்குள் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிற செடி அது. முள் இருக்கும், வேலியாகவும் உதவும், மாடு கிட்டப் போகாது. கறுத்துப் பழுத்த கிளாவில் பால் ஒட்டினாலும் அந்தப் புளிப்பினிப்புக்கு ஈடில்லை. பாலைப்பழம், சூரை, நாவல் எல்லாம் இருக்கிற ஊரில் பெரிப்பழத்துக்குப் பஞ்சமா என்று அண்ணன் கேட்டிருப்பதும் சரிதான். இருந்தாலும் மகள் சாப்பிடுகிற பழத்தைத் தானும் வளர்த்துப் பார்க்க ஒரு தாய் ஆசைப்பட்டால், அந்த ஆசைக்கு ஒரு மேட்டுப்பாத்தி ஒதுக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

2025 யூன் 1

அக்கா வற்றாளை தோண்டி முடித்துவிட்டாராம். மல்பெரிக் கொப்புக்கு என்னிடம் ஆள் அனுப்புகிறேன் என்றார். ஒக்டோபரில் அனுப்புங்கள் அக்கா, இப்போது வெட்டினால் காய்ந்துபோகும்.

அதுவரை ஒரே வேலை. அங்கங்கே மிஞ்சின கோரையை விடாமல் பிடுங்குங்கள். முளைத்து மூன்று கிழமை தாண்டினால் அது அடியில் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும், ஆகவே இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வளவைச் சுற்றி வந்தால் போதும். தோண்டுகிற கம்பியைக் கொஞ்சம் தள்ளிக் குத்தி, நெம்பி, கிழங்கோடு எடுங்கள். இலை மட்டும் கையோடு வந்தால் அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வைத்துவிட்டு, அடுத்த சுற்றில் முதலில் அங்கே போங்கள்.